உன் பேரில் வைத்த சேனை

ஆனைக்கரை
ஜூன் 11, 2024

அன்புள்ள நர்மதா அக்காவுக்கு,

போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாலும் பாப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் கைகால் அசைக்கிறாளாமே. "எலிக்குஞ்சாட்டம் இருக்கறா, ஆனா உங்கக்காளாட்டமே மொறைக்கறா" என்றார் மாமா.

பாப்பா நாக்கில் முதல் இனிப்பை, சேனையை, நான்தான் தொட்டு வைக்க வேண்டும் என்கிறாய். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வருமென்றால் என் குணம் எதற்கு? என்னைப் போல வாயே திறக்க மாட்டாள். தவிர, பன்றிக் கொட்டிலில் இருப்பவள் அந்த வார்டுக்குள் நுழையக் கூடாது. பாப்பா வீட்டுக்கு வரட்டும்.

என் வேலையைப் பற்றிக் கேட்டாய். ஆராய்ச்சிக்காக, நாள் நிறையும் முன்பே தாய்ப்பன்றியின் வயிற்றைக் கிழித்துக் குட்டிகளை எடுக்கிறோம். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் குடல் நோய் இவற்றுக்கும் அப்படியே வருகிறது. பவுடர் பால் குடித்தவற்றுக்கு வயிறு உப்பிக் குடல் கறுத்துவிடுகிறது. பசுவின் சீம்பால் குடித்தவை துள்ளுகின்றன. கடைசியில் எல்லாவற்றையுமே அறுத்துக் குடலைப் பார்ப்போம். அதை நினைக்காமல்தான் பால் புகட்டுகிறேன்.

பிரியமுள்ள
செல்வப்பிரியா


எலப்புள்ளி
ஜூன் 16

என் பிரியாக் கண்ணுக்கு,

எனக்குப் பால் ஊறவில்லை. பாப்பாவுக்குப் பவுடர் பால்தான் குழாயில் போகிறது. உன் கடிதத்தை மாமா சத்தமாக வாசித்தார், பவுடர் பால் என்ற இடத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். மறுநாளே நம் செவலைப் பசு கன்று போட்டது. "பாத்தியா சாமி, கேட்டாப்பல வந்திருக்குது" என்றார் என் மாமியார்.

மருந்துப் புட்டியில் சீம்பால் கொண்டுபோனோம். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் மாமா சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்தார். "பிரியா சித்தி சேனை வெக்கறாளாமா, சப்பிக்கோ தங்கம்!" சப்பினாள் பிரியா! அப்புறம் தினமும் வைக்கிறோம். நீ வராவிட்டால் என்ன, இனி அவளுக்கு உன் குணம்தான்.

அக்கா


ஆனைக்கரை
ஜூன் 19

அக்கா,

உன் கடிதம் காலையில் கிடைத்ததும் சீம்பாலை நிறுத்தச் சொல்லப் போன் செய்தேன். மாமா எடுத்தார். "நீ எழுதுனதத்தானெ செஞ்சோம், புள்ளெ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பின்னால் யாரோ அழுதார்கள். அது நீ.

குட்டிகளுக்கு நாங்கள் கொடுப்பது கறந்த பால் இல்லை, அக்கா. கிருமி நீக்கி, அளந்து கரைக்கும் சீம்பால் தூள். அதை எழுதவில்லை. உனக்குத் தைரியம் வரட்டும் என்று துள்ளுவதை மட்டும் எழுதினேன்.

நான் வரட்டுமா?

பிரியா


எலப்புள்ளி
ஜூன் 24

பிரியாவுக்கு,

வர வேண்டாம்.

சீம்பாலால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "வயிறு உப்பி…" என்று தொடங்கினார். "குடல் கறுத்துவிட்டதா?" என்று நான் முடித்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்.

பாப்பா போன பிறகு எனக்கு இப்போது பால் ஊறுகிறது. பால் வற்ற மாமியார் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டிவிட்டார், நிற்கவில்லை. மாமா செவலையை விற்கப் போகிறாராம். நான் தடுக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். அந்தக் குட்டிகளில் ஏதாவது உயிரோடு இருந்தால் எனக்கு எழுதாதே.

நர்மதா


ஆனைக்கரை
ஜூன் 29

அக்கா,

நேற்றோடு முடிந்தது. ஒன்றுகூட இல்லை.

பிரியா