சொல்லாதே என்றார் முத்துவீரன்

ஜூன் 17, 2025, செவ்வாய்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி மம்சாபுரம் விலக்கு தாண்டுவதற்குள் மூன்று பேருக்குப் போன் செய்துவிட்டேன். ஒன்றும் அவசரமில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இன்று சோழபுரத்தில் ஒரு புது வீடு. முத்துவீரன், ரிட்டயர்டு ராணுவம். வயிற்றில் புற்று, ஈரல்வரை போய்விட்டது. இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்ச நாளை வலி தெரியாமல் ஓட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. நர்ஸ் நூர்னிசா மருந்தைப் பார்ப்பாள், நான் மனசைப் பார்க்க வேண்டும். "வாயாலேயே சம்பளம் வாங்குறவ" என்று அவள் என்னைக் கிண்டல் செய்வது வழக்கம்.

எல்லா வீட்டிலும் சொல்வதை அங்கேயும் சொன்னேன். "நீங்க சம்மதிக்காம உங்க விசயத்த யார்கிட்டயும் பேச மாட்டேங்கய்யா." மனுஷன் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"அப்ப எம் மவன்கிட்ட மூச்சு விடக் கூடாது."

மகன் பாண்டிச்செல்வமும் ராணுவம்தான். ராஜஸ்தானில் இருக்கிறான். நான் சரி என்றேன். எதுக்குச் சரின்னேன்?

ஜூன் 24, செவ்வாய்

நாங்கள் இருக்கும்போதே மகனின் போன் வந்தது. முத்துவீரன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "நல்லாருக்கேம்லே! நீ சாப்ட்டியா? இங்க வெயிலு கொளுத்துது!" தெருவுக்கே கேட்கும் குரல். போனை வைத்ததும் சாய்ந்தவர்தான், நாங்கள் கிளம்பும்வரை கண் திறக்கவில்லை. வீடியோவில் வரச் சொன்னால் டவர் இல்லை என்பாராம்.

வாசலில் அவர் மனைவி சண்முகத்தாயைப் பிடித்துக்கொண்டேன். ஆறுதல் இல்லை, சண்டைதான். "பெத்த புள்ளைக்கு இன்னும் எம்புட்டு நாளும்மா மறைப்பீங்க?"

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் மகன் கல்யாணப் பேச்சுக்கே பிடி கொடுக்கவில்லையாம். 'அப்பாவுக்கு ரொம்ப முடியல, ஒடனே வா' என்று இவர்களே போன் போட்டிருக்கிறார்கள். ரிசர்வேஷன் இல்லாமல் நின்றுகொண்டே வந்து இறங்கியிருக்கிறான். வாசலில் கார் நிற்கிறது, அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், பொண்ணு பார்க்கக் கிளம்பி! அன்று போனவன் இன்னும் ஊருக்கு வரவில்லை. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயிறு போன் மட்டும், எப்போதாவது இடையில் ஒன்று.

"எங்க உசுரச் சொல்லியே அவன ஏமாத்திட்டோம். இப்ப எந்த மொகத்த வச்சுக் கூப்பிடன்னு அவிய கேக்காவ."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

ஜூலை 2, புதன்

அவசரத்துக்கு என்று சண்முகத்தாய் கொடுத்த மகனின் நம்பர் என் போனில் இருக்கிறது. இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். கூப்பிடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

முத்துவீரனிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். "மகன் வருத்தப்படுவாருன்னு மறைக்கீங்களா, அவர் நம்பாமப் போயிட்டா உங்களால தாங்க முடியாதுன்னு மறைக்கீங்களா?"

"வெளிய போட்டீ."

வந்துவிட்டேன். "கவுன்சிலிங்னா இப்படித்தான் காதுல ஈயத்தக் காய்ச்சி ஊத்துவாகளா?" என்று நூர்னிசா வண்டியில் வழி நெடுகத் திட்டினாள். திட்டட்டும். அந்த மனுஷனிடம் அதிக நாள் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

சண்முகத்தாய் பொறுக்க மாட்டாமல், புருஷனுக்குத் தெரியாமல் மகனுக்குப் போன் போட்டிருக்கிறார். எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறார். அவன் கேட்டானாம்: "சரிம்மா, இந்தத் தடவ பொண்ணு எந்த ஊரு?" வைத்துவிட்டான். பிறகு எடுக்கவே இல்லை.

இதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே சொன்னார், ஒளிக்கத் தெம்பில்லாமல். முத்துவீரன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. வாயாலேயே சம்பளம் வாங்குகிறவள்!

ஜூலை 24, வியாழன்

காலையில் சண்முகத்தாய் போன். "ஒன்னய வரச் சொல்லுதாவ." அடித்துப் பிடித்துப் போனேன்.

"வீடியோ போடத் தெரியுமா?" என்றார் முத்துவீரன். தெரியும் என்றேன். "அப்ப மொதல்ல எஞ் சட்டையக் கழட்டு. சட்டையோட பாத்தா நம்ப மாட்டான்."

நானும் சண்முகத்தாயும் கழற்றினோம். ஜன்னல் வெளிச்சத்தில் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வயிறு மட்டும் வீங்கி நின்றது. அப்பாவின் நம்பரிலிருந்து கூப்பிட்டதால் மகன் எடுத்தான் போல. முத்துவீரன் செருமவில்லை, குரலை உயர்த்தவில்லை.

"இந்தத் தடவ நெசம்லே" என்றார்.

போனை அவர் பக்கம் திருப்பிப் பிடித்திருந்ததில் அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. "வாரேம்ப்பா, வாரேன்" என்றது மட்டும் கேட்டது.

ஜூலை 28, திங்கள்

ஆண்டாள் தேர். பஸ்ஸையெல்லாம் திருப்பிவிட்டிருந்தார்கள். மதுரையிலிருந்து வந்த பாண்டிச்செல்வம் கிருஷ்ணன்கோவிலில் மாட்டிக்கொண்டான். அப்பாவுக்கு விடிந்ததிலிருந்து மூச்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று நூர்னிசா சொன்னாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பையோடு பின்னால் உட்கார்ந்தான். கூட்டத்துக்குள் போகாமல் ஊரைச் சுற்றிப் போனோம்.

"ஒங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?"

"ஜூன்ல இருந்து."

"எந் நம்பரு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அதற்குப் பிறகு சோழபுரம்வரை கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. முத்துவீரன் விழித்துத்தான் இருந்தார். அப்பாவும் மகனும் கையைப் பிடித்ததும் நான் வெளியே வந்து, ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்று அழுதேன்.

ஆகஸ்ட் 6, புதன்

முத்துவீரன் காலையில் போய்விட்டார். வந்த நாளிலிருந்து மகன்தான் குளிப்பாட்டியதும் ஊட்டியதும். துட்டி கேட்கப் போனேன். என்னைப் பார்த்ததும் பாண்டிச்செல்வம் எழுந்து பந்தலுக்குப் பின்னால் போய்விட்டான்.

அவர் உடம்பு, அவர் பேச்சு. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நாளைக்கு இன்னொருவர் சொன்னாலும் சரி என்றுதான் சொல்வேன். ஆனாலும் அந்த ஒரு மாசம்... அது அவனுக்குச் சேர வேண்டியதுதானே? அத நான் எங்க போயி வாங்கிக் குடுக்க?

செப்டம்பர் 19, வெள்ளி

இறப்புக்குப் பிறகு போய்ப் பார்ப்பதும் எங்கள் வேலைதான். சண்முகத்தாயிடம் என்னென்ன பேசுவது என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். பேச இடம் கிடைக்கவில்லை. அரிசி டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து, மகனுக்கு வீடியோவில் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பாரு, இந்தப் பக்கந்தான் வீக்கம். நேத்து சரியாச் சாப்பிடல. ஒங்கப்பாவ நெனச்சு செத்த நேரம் அழுதேன். பொறவு நாடகம் பாத்தேன்."

பிறகு போனை என் பக்கம் திருப்பினார். அவன் என்னைப் பார்த்தான்.

"வாங்க" என்றான். "நர்ஸம்மாவ அந்தக் காலப் பாக்கச் சொல்லுங்க. என்ன ஏதுன்னு எனக்கு நீங்க சொல்லணும்."

நான் சண்முகத்தாயைப் பார்த்தேன். அவனும் காத்திருந்தான்.

"சொல்லுத்தா" என்றார். "எதுன்னாலும் அவங்கிட்டச் சொல்லிரு."

நாளைக்கு நூர்னிசாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.