இங்க ஒண்ணும் இல்லீங்க மேடம்

ஆல்டர் ஓடை
செப்டம்பர், ஞாயிறு காலை

என் செல்ல மகள் ஜுனிபருக்கு,

நீயும் மாப்பிள்ளை டுவேனும் குட்டி வெஸ்லியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அப்பாவின் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம். சிவப்புக் கோழியை நரி கொண்டுபோய்விட்டது. தோட்டத்துக்கு உரிமம் கிடைத்ததா இல்லையா என்று மூன்று முறை கேட்டுவிட்டாய். சொல்கிறேன், ஆனால் உன் அப்பா அடித்த கூத்தை முதலில் கேட்க வேண்டும். கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, உன்னைப் பெற்றவளுக்கு அது தெரிந்துவிடும்.

உன் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. போலீஸ்காரரைக் கட்டிக்கொண்டவள், திருட்டுக் கஞ்சாத் தோட்டம் உள்ள வீட்டுக்கு அவரை எப்படி அழைத்து வருவாய்? அவர் வேலைக்கே உலை வைத்ததாகிவிடும். அதனால்தானே இத்தனை வருடமாகப் பாதி வழியில், நெடுஞ்சாலை உணவகத்தில் சந்தித்து, பேரனுக்கு அப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். போன தடவை, தாத்தா என்ன வேலை செய்கிறார் என்று வெஸ்லி கேட்டதும் நீ சட்டென்று "தச்சு வேலை" என்றாய். உன் அப்பா சிரித்து வைத்தார். ஆனால் வீடு வந்து சேர்ந்ததும் சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் சொல்லச் சொல்லி நாங்களே உனக்குப் பழக்கிய பதில்தான் அது. உன் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் அப்பாவும் தச்சர்கள். இருந்தும் அந்தப் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகாத மழைக்காலம் கிடையாது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். உரிமம் வாங்கினால் கஞ்சா வளர்க்கலாம் என்று சட்டமே கதவைத் திறந்துவிட்ட பிறகு நாம் ஏன் புதருக்குள் பதுங்க வேண்டும் என்று சண்டை போட்டு, உரிமத்துக்கு எழுத வைத்தேன். வீட்டு முன்னால் உள்ள புல்வெளியில் செடிகளை வைப்பதாக வரைபடமும் கொடுத்தோம். உன் அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். ஜூன் மாதம் புல்வெளியில் குழியும் தோண்டினார். பிறகு பார்த்தால் அங்கே தக்காளி காய்த்துத் தொங்குகிறது! கஞ்சாச் செடிகள் எல்லாம் வழக்கம்போல மலைச்சரிவில், ஓக் மரங்களுக்கு அடியில், சாக்குப் பைகளில். கிளைகளைத் தாழ வளைத்துக் கட்டி, போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் காட்டுப்பூ என்று நினைக்கட்டும் என்று சிவப்புத் துணிப்பூ வேறு. கேட்டதற்கு, "மெதுவா மாத்திக்கலாம் மார்லிஸ், அவசரப்படுத்தாத" என்றார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

அந்த நிலைமையில்தான் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தாள் ஓகாம்போ என்ற பெண். உன்னைவிடச் சின்னவள், துடியானவள். வண்டியின் கதவில் அரசாங்க முத்திரையைப் பார்த்ததும் உன் அப்பாவின் முகம் வெளுத்தது. வணக்கம் சொல்லிவிட்டு அவள் "கஞ்சாச் செடிங்க எங்க சார் இருக்கு?" என்றாள். அவர் துளிகூட யோசிக்காமல், "இங்க ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நாற்பது வருடம் சொல்லிப் பழகிய நாக்கு, தானாகவே சொல்லிவிட்டது. அந்தப் பெண் தக்காளியைப் பார்த்தாள், கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். "தக்காளிக்கு உரிமம் தேவையில்லையே சார். செடி இல்லேன்னா நான் கோப்பை மூடிட்டுப் போகணும்" என்றாள். "இருக்கும்மா, சத்தியமா இருக்கு, மேல வா" என்று நான் அவளைச் சரிவுக்கு இழுத்துப் போனேன். எந்தெந்த மரத்தடியில் என்று எனக்கே சரியாகத் தெரியாது. உன் அப்பா பின்னால் வந்தார். காட்டச் சொல்லி இடுப்பில் இடித்தேன். மனிதர் கை எழவில்லை. கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஜுனிபர். ஒரு விரலை நீட்ட முடியாமல் பேரனை இழக்கப் பார்க்கிறாரே என்று.

அவள் செடிகளை உரசிக்கொண்டே நடக்கிறாள், ஒன்றும் தெரியவில்லை. "சரிங்கம்மா, நான் கிளம்பறேன்" என்று திரும்பி, காலை எடுத்து வைத்தாள். தரையோடு படிந்திருந்த ஒரு கிளைக்கு நேர் மேலே பூட்ஸ்! "ஐயோ, பாத்து! பூ வச்ச கெளைம்மா! காலை எடு!" என்று உன் அப்பா போட்ட அலறலில் காகமெல்லாம் பறந்தது.

அவ்வளவுதான். அணை உடைந்தது. அவளைச் செடி செடியாக இழுத்துக்கொண்டு போய்க் காட்டி, ஒவ்வொன்றின் கதையையும் சொன்னார். நாங்கள் முதலில் இங்கே வந்தபோது மெக்சிகோ விதைதான் இருந்தது, பூ முற்றுவதற்குள் அக்டோபர் மழை அழுகச் செய்துவிடும். ஒரு சிநேகிதன் ஆப்கான் மலையிலிருந்து காலுறைக்குள் கொண்டுவந்த விதையோடு கலந்த பிறகுதான் மழைக்கு முன்னால் அறுக்க முடிந்தது. ஆண் செடியைப் பிடுங்கிப் போட்டால் பெண் பூ விதையில்லாமல் கொழுக்கும் என்றபோது பக்கத்துத் தோட்டக்காரர்கள் பைத்தியம் என்றார்கள். எல்லாம் ஒரே மூச்சில். கடைசியில் அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உரிமம் கேட்டவரே ஒளிச்சு வச்ச தோட்டத்த இப்பத்தான் சார் பாக்கறேன். ஒரு வாரத்துல இதையெல்லாம் புல்வெளிக்குக் கொண்டாந்துடுங்க, மறுபடி வரேன்" என்று சொல்லி, ஒரு கூடை தக்காளியும் வாங்கிக்கொண்டு போனாள்.

நேற்றல்ல, அதற்கு முந்திய சனிக்கிழமை ஓடைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள், அத்தனை பேரும் நரைத்த தலைகள். கோராலி அத்தை தொப்பியும் உதட்டுச் சாயமுமாக வந்து, "நாப்பது வருஷமா பக்கத்துலயே இருக்கேன், இன்னிக்குத்தான் டெல், ஒன் செடியவே பாக்கறேன்" என்றாள். ஆளுக்கொரு பையைத் தூக்கி வெயிலுக்குக் கொண்டுவந்தோம். பாதி வேலையில் தடதடவென்று ஹெலிகாப்டர்! பைகளை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் மரத்தடிக்குப் பாய்ந்தோம். முழங்கால் வலிக்காரர் யாருக்கும் அந்த நேரத்தில் வலி இல்லை. தலையை நீட்டிப் பார்த்தால், காட்டுத்தீ அணைக்கத் தண்ணீர் கொண்டுபோகிற வண்டி. கோராலி சிரித்துச் சிரித்து எழுந்திருக்க முடியாமல் தரையிலேயே கிடந்தாள். உன் அப்பா மட்டும் மரத்தடிக்கு வந்திருக்கவில்லை. நட்ட நடுப் புல்வெளியில் செடியைக் கட்டிக்கொண்டு நின்று, மேலே பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

சரி, உன்னை இனியும் வதைக்கவில்லை. அந்தப் பெண் மறுபடி வந்து பார்த்துவிட்டுப் போனாள், முந்தாநாள் வெள்ளிக்கிழமை உரிமம் வந்துவிட்டது. சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார், கோணலாக.

அப்பா உனக்குத் தனியாக ஒன்றும் எழுதமாட்டார், உனக்குத் தெரியும். ஆனால் காலையிலிருந்து, டுவேனுக்கு முட்டை எப்படிப் பிடிக்கும், வெஸ்லிக்கு ஊஞ்சல் எந்த மரத்தில் கட்டலாம் என்று என்னைத் துளைத்தெடுக்கிறார். அறுவடை அக்டோபர் முதல் வாரம். அதற்குள் மூவரும் வாருங்கள். பகலில் வாருங்கள். மாப்பிள்ளை சீருடையிலேயே வந்தாலும் சரி. ஓடை வளைவில் ஹாரனை நன்றாக அழுத்தச் சொல். இத்தனை காலமும் அந்தச் சத்தம் கேட்டால் போலீஸ் வருகிறது என்று காட்டுக்குள் ஓடிய கால்கள்தான் இவை. இந்தத் தடவை உங்களைப் பார்க்க ஓடி வரும்.

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்
அம்மா, மார்லிஸ்