இரண்டாம் கட்டத்தில் பாலம்

துவைரா,
3 பிப்ரவரி 2004

அன்புத் தங்கை ஜுமானாவுக்கு,

ஸலாம். தொலைபேசியில் கூப்பிட்டால் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறாய், அதனால் எழுதுகிறேன். "அம்மான் பட்டணம் போனதும் உங்க தங்கச்சிக்கு என் மன்சஃப் கறிச்சோத்து ருசி மறந்துபோச்சா?" என்று உன் அண்ணி ரஸ்மிய்யா என்னிடம் சண்டைக்கு நிற்கிறாள்.

நேற்று என் டயர் கடைக்கு எதிரே ஒரு லாரி தடம் மாறி வந்து ஒரு குடும்பத்தின் காரில் மோதியது. கதவைப் பெயர்த்தவன் நான். உள்ளே இருந்த யாரையும் காப்பாற்ற முடியவில்லை. சாலைப் பாதுகாப்புத் திட்டம் எழுதுகிற இடத்தில் என் தங்கை இருக்கிறாள் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறேன். நடுவில் ஒரு சுவர் போடச் சொல்லம்மா.

உன் அண்ணன்,
நாயிஃப்

அம்மான்,
20 பிப்ரவரி 2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். துவைரா முதல் கட்டத்தில் சேர்ந்துவிட்டது. நடுச்சுவரும் வேகக் கேமராவும் வரும். மக்கள் கடக்க நடைமேம்பாலமும் கேட்டேன். "பாலத்துக்கு நாளாகும்மா. சுவர் சட்டுனு முடியும். சாவு குறைஞ்சதைக் காட்டினாத்தான் அடுத்த நிதி வரும்" என்றார் இயக்குநர். அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. பாலம் இரண்டாம் கட்டத்தில்.

அண்ணியின் மன்சஃபை மறக்க முடியுமா? கோடை விடுமுறைக்கு வருகிறேன்.

ஜுமானா

துவைரா,
11 செப்டம்பர் 2004

தங்கைக்கு,

கோடை விடுமுறைக்கும் நீ வரவில்லை. போகட்டும், வேலை.

சுவர் வந்தபின் கடைக்கு எதிரே ஒரு மோதல்கூட இல்லை. உன்னை வாழ்த்தாதவர் இல்லை. ஆனால் ஊர் இரண்டாகிவிட்டது. பள்ளிக்கூடம் இந்தப் பக்கம், பாதி வீடுகள் அந்தப் பக்கம். சுற்றிப்போக வெகுதூரம் என்பதால் எல்லாரும் ஏறிக் குதிக்கிறார்கள். அந்தப் பக்கம் இருக்கும் தன் அம்மாவுக்கு ரொட்டி கொடுக்க ரஸ்மிய்யாவும்தான். திட்டினால், "உங்க தங்கச்சி கட்டின சுவர், என்னை ஒண்ணும் பண்ணாது" என்று சிரிக்கிறாள். பாலத்தைச் சீக்கிரம் போடச் சொல்.

நாயிஃப்

அம்மான்,
2 அக்டோபர் 2004

அண்ணா,

மறுபடி கேட்டுப் பார்த்தேன். அந்தச் சாலையில் சாவு பாதியாகக் குறைந்ததென்று அமைச்சரே பாராட்டிவிட்டார், இப்போது யாரும் காது கொடுக்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள். அண்ணியை மட்டும் சுவர் ஏற விடாதீர்கள். நீங்களே காரில் கொண்டுபோய் விடுங்கள்.

ஜுமானா

அம்மான்,
19 டிசம்பர் 2004

அண்ணா,

அண்ணியின் ஜனாஸா அடக்கத்துக்கு வந்தேன். நீங்கள் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அண்ணியின் அம்மா என் கையைப் பிடித்து, "ரொட்டி இல்லாட்டி நான் என்ன செத்தா போயிருப்பேன்?" என்று அழுதார். என்னைத் திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

திட்டத்தில் ஒரு வரி சேர்க்கச் சண்டை போட்டேன்: குடியிருப்பு உள்ள இடத்தில் கடக்க வழி அமைத்த பிறகே சுவர். இந்த முறை ஒருவரும் மறுக்கவில்லை. பிப்ரவரியில் ஏன் இப்படிச் சண்டை போடவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஜுமானா

துவைரா,
25 நவம்பர் 2005

ஜுமானாவுக்கு,

பாலம் முடிந்துவிட்டது. திறப்பு விழா அழைப்பிதழில் உன் பெயரும் இருக்கிறது. அன்றைக்கு வராதே.

சுவரைக் கேட்டவன் நான். அது இல்லாவிட்டால் வேறு வீடுகளில் ஒப்பாரி கேட்டிருக்கும், அதுவும் தெரியும். தெரிந்தும் இத்தனை மாதம் உனக்கு எழுதக் கை வரவில்லை.

அடக்கத்தலம் அந்தப் பக்கம். நான் இன்னும் காரில் சுற்றித்தான் போய்வருகிறேன். பாலத்தின் படிகளைப் பார்த்தாலே கால் பின்வாங்குகிறது. ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை அலுவலகக் கார் இல்லாமல் பேருந்தில் வா. நீ கூட வந்தால் ஏறிப் பார்க்கிறேன். ஒன்றும் பேச வேண்டாம். அவளிடம் போகும்வரை கையை மட்டும் விடாதே.

நாயிஃப்