எனக்கு இரண்டு பிறந்த நேரம், அம்மா

என் அருமைச் சந்தேகக்கார அம்மாவுக்கு,

பாலை மோந்து பார்க்காமல் அடுப்பில் வைக்காதவளே, கேஸை மூடினோமா என்று பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொன்னவளே, இந்த முறை சந்தேகம் எனக்கு. அதுவும் உன் மேல்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அப்பா ரசம் வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார், உப்புதான் மறந்துபோகிறது. ஏரிப் பக்கத்து ஜன்னலை நீ சொன்னபடியே ஆறு மணிக்கு முன்னால் சாத்திவிடுகிறேன். நாவலூர் போகும் ஆபீஸ் கேப்பில் ஏறியதும் வண்டி நம்பரைப் படம் எடுத்து உனக்கு அனுப்பக் கை தானாகப் போகிறது. இப்போது அப்பாவுக்கு அனுப்புகிறேன். அவர் ஒரு கட்டைவிரல் போடுகிறார், அவ்வளவுதான். நீயாக இருந்தால், "டிரைவர் கண்ணு செவந்திருக்கா பாரு" என்று கேட்டிருப்பாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரப்பாக்கம் அத்தை ஒரே பிடியாக நிற்கிறார். அம்மா போய் ஒரு வருஷம் திரும்புவதற்குள் பெண்ணுக்குக் கல்யாணம் முடித்துவிட வேண்டுமாம். சேலையூரில் ஒரு வரனும் பார்த்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை வரேன், ஜாதகத்தை எடுத்து வை. இருபத்தேழு ஆச்சுடி உனக்கு" என்றார் போனில்.

எடுத்து வைக்கத்தான் உன் பீரோவைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் நீல நிற ஃபைல். எல்லோருக்கும் நீ கொடுத்துவந்த அந்தக் கம்ப்யூட்டர் ஜாதகம் அதில் நான்கு பிரதி இருந்தது. பிறந்த நேரம் காலை 6.10. இரண்டாம் வீட்டில் செவ்வாய், தோஷம். அதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதற்கும் கீழே, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு கையெழுத்து நோட்டு. அதுவும் என் ஜாதகம்தான். பிறந்த நேரம் காலை 4.10. செவ்வாய் மூன்றில் இருக்கிறது. தோஷமே இல்லை.

முதலில், சரி, யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஆஸ்பத்திரியில் உன்னை டிஸ்சார்ஜ் செய்தபோது கொடுத்த சீட்டும் அதே ஃபைலில் கிடைத்தது. பெண் குழந்தை, காலை 4.10.

அந்த நோட்டு வெள்ளத்தில் போய்விட்டது என்றுதானே நீ சொன்னாய்? ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது நனைந்து கூழாகிவிட்டது, அதனால்தான் புதிதாகக் கணித்து வாங்கினேன் என்று அத்தையிடம் நீ சொன்னது என் காதிலேயே விழுந்திருக்கிறது. நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர்க் கறை இல்லை, அம்மா.

தப்பாகச் சொல்லியிருப்பாய் என்று வேறு யாரையாவது நம்பச் சொல். மேற்குத் தாம்பரத்துப் பள்ளி ஆபீஸில் இருபது வருஷம் அட்மிஷன் ஃபாரம் பார்த்தவள் நீ. பிறந்த தேதி ஒத்துப்போகவில்லை என்று எத்தனை அப்பாக்களைத் திருப்பி அனுப்பியிருப்பாய்! "நான் கையெழுத்துப் போட்டா அது கரெக்டா இருக்கணும்" என்று வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு. அப்பேர்ப்பட்டவளுக்குப் பெற்ற நேரம் மறந்துபோகுமா?

ஏன் செய்தாய்? ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். எனக்கு இருபத்திரண்டு வயதில், முதல் வேலை கிடைத்த கையோடு, அத்தை முதல் வரனைக் கொண்டுவந்தார். அன்றைக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீ வெளியே நின்று கேட்டாய். "எனக்கு இப்போ வேணாம்மா" என்றேன். "சரி, மூஞ்சிய கழுவிட்டு வா, காபி ஆறுது" என்றாய். அடுத்த வாரமே கம்ப்யூட்டர் ஜாதகம் வந்துவிட்டது.

இதோடு நிறுத்திக்கொண்டால் நீ தெய்வம். ஆனால் நான் உன் மகள், அவ்வளவு சுலபத்தில் விடமாட்டேன். அதே வருஷம்தான் உனக்கு முதல் தடவை சிறுநீரகத்தில் கோளாறு என்று சொன்னார்கள். நான் கல்யாணமாகிப் போய்விட்டால் உன்னை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என்று பயந்தாயா? எனக்காகச் சொன்ன பொய்யா, உனக்காகச் சொன்ன பொய்யா? எத்தனை தடவை கேட்டாலும் ஃபைல் பதில் சொல்ல மாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கௌதமை மறந்திருக்க மாட்டாய். ஆபீஸில் என் பக்கத்து இருக்கை. இருபத்தைந்து வயதில் எனக்கு நிஜமாகவே பிடித்துப்போன ஒரே பையன். அவன் அம்மா ஜாதகம் கேட்டார்கள். தோஷம் என்றதும் முடிந்தது. வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ திரும்பிப் பார்க்காமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய்.

"அந்தப் பையன் என்ன சொன்னான்?"

"அம்மா வேணாம்னு சொல்றாங்கன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னம்மா சொல்றது? ஒண்ணும் சொல்லல."

கத்தி நின்றது. அப்புறம் மறுபடி நறுக்க ஆரம்பித்தாய். "அம்மா சொன்னதும் எழுந்து போறவன் நமக்கு வேணாம்டி" என்றாய்.

அந்த நிமிஷம் ஃபைல் உன் பீரோவில் இருந்தது. ஒரு வார்த்தை போதும், அம்மா. நான் ராசி இல்லாதவள் என்று இரண்டு வருஷம் நம்பினேன். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அந்த எண்ணம் வரும். சொல்ல வாயெடுத்துத்தான் கத்தியை நிறுத்தினாயா? பயமாக இருந்ததா? இதை நினைத்தால் உன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. செத்துப்போனவள் மேல் இவ்வளவு கோபப்படலாமா என்று தெரியவில்லை, ஆனால் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். அதற்கு முன்னால் ஒரு யோசனை ஓடியது. 6.10-ஐக் கொடுத்துவிட்டால் சேலையூர்க்காரர்கள் தாங்களாகவே வேண்டாம் என்றுவிடுவார்கள். உன் பொய் எனக்காக இன்னொரு தடவை வேலை பார்க்கும், நான் வாயைத் திறக்கவே வேண்டாம். கம்ப்யூட்டர் ஜாதகத்தை உறையில்கூடப் போட்டுவிட்டேன். அப்போதுதான் அன்றைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே நீ கேட்டது காதில் விழுந்தது. நீ என்ன சொன்ன?

இரண்டு ஜாதகத்தையும் எடுத்து டீப்பாய் மேல் வைத்தேன், ஆஸ்பத்திரிச் சீட்டோடு.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "அடிப்பாவி, தோஷமே இல்லையாடி? இத்தனை வருஷம் யாரோ தப்பா எழுதி வச்சு... ஐயோ, எவ்ளோ நல்ல இடமெல்லாம் போச்சு! இன்னைக்கே சேலையூருக்குப் போன் போடறேன்."

அப்பா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ தப்பு பண்ணமாட்டாளே" என்றார் மெதுவாக. அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"போன் போடாதீங்க அத்தை" என்றேன். "எனக்கு இப்போ வேணாம்."

"தோஷந்தான் இல்லையே, அப்புறம் என்ன?"

"தோஷம் இல்ல. எனக்குத்தான் வேணாம். வேணும்னு தோணுறப்ப நானே சொல்றேன்."

"உங்கம்மா இருந்திருந்தா இப்படிப் பேசுவியா?"

"அம்மா இருந்தா பேசியிருக்க மாட்டேன் அத்தை" என்றேன். சத்தியமாக அதுதான் உண்மை. அத்தை காபியைத் தொடாமல் எழுந்து போனார். கோபம் ஒரு மாதம் இருக்கும், அப்புறம் வடு மாங்காய் கொடுத்தனுப்புவார், பார். அந்த ஆறின காபியை நானே குடித்தேன்.

கம்ப்யூட்டர் ஜாதகம் நான்கையும் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் மேல் சந்தேகம் தீரவில்லை, தீர்ந்ததாக நடிக்கவும் மாட்டேன். ஒரே ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனிமேல் எனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதை யாரையும் பொய் சொல்ல விடாமல், குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, என் வாயாலேயே சொல்வேன்.

காலை 4.10-க்கு உனக்குப் பிறந்த மகள்,
சுஜி