பாதமலையில் நாற்பதாவது மணி

மார்ச் 4, செவ்வாய்

விடிய நல்ல பனி, எட்டு மணிக்குத்தான் வெயில். தோட்டத்து ஆஸ்பத்திரி. பிரஷர் சரி. சீனி சரி. டொக்டர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுபத்தி நாலுன்னு போட்டிருக்கே, சரிதானா?" சரிதான் என்றேன். பிள்ளைக்காம்பராவில் முப்பது வருஷம், இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று தோட்டத்துப் பிள்ளைகளைத் தூக்கிய உடம்பு. சும்மாவா!

நாளை மறுநாள் பாதமலை ஏற்றம், உச்சியில் சாமி பாதம் கும்பிட. நானும் நாத்தனார் செல்லாயியும். எல்லாருடைய கணக்கிலும் எங்களுக்கு இது நாற்பதாவது தடவை. ஞாயிற்றுக்கிழமை கோயில் கமிட்டி ரெண்டு பேருக்கும் பொன்னாடை போர்த்தப் போகிறதாம்.

ஹட்டனிலிருந்து மகள் ஃபோன். "இந்த வயசுல எதுக்கும்மா? விழுந்து கிழுந்து வச்சா?"

"விழுந்தா எந்திரிச்சு ஏறுவேன். ஃபோன வை."

எடுத்துப்போக: ரொட்டி, தேங்காய்ச் சம்பல், கால்வலித் தைலம், கம்பளித் தொப்பி. செல்லாயிக்கு வெற்றிலை, இல்லாவிட்டால் நகரமாட்டாள்.

இதை எழுதாவிட்டால் தூக்கம் வராது. எனக்கு நாற்பது இல்லை, முப்பத்தொன்பதுதான். இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். பாதி மலையில், ஏறுகிறவர்கள் வேண்டிக்கொண்டு நூல் இழுத்துவிடுகிற இடத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. "நீ போ, பின்னாலயே வர்றேன்" என்று செல்லாயியை அனுப்பிவிட்டு, அப்படியே இறங்கிவிட்டேன். கீழே ஆற்றில் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது வந்து கேட்டாள், "மணி அடிச்சீங்களா அண்ணி?" ஆமா என்று வாயில் வந்துவிட்டது. எத்தனையாவது தடவையோ அத்தனை மணி அடிப்பதுதான் மலையில் வழக்கம். அன்றிலிருந்து வருஷா வருஷம் ஒரு மணி கூடுதலாக அடிக்கிறேன். வீட்டுக்குள் பொய் வேறு, கோயில் முன்னால் பொன்னாடை போர்த்திக்கொண்டு பொய் வேறு.

மார்ச் 6, வியாழன்

நோர்வூட்டில் முதல் பஸ். ஏழு மணிக்கு நல்லதண்ணியில் ஏறத் தொடங்கி, பன்னிரண்டரைக்கு உச்சி. கொழும்புப் பையன்கள் நாலு பேர் படியில் உட்கார்ந்து இளைத்துக்கொண்டிருந்தார்கள். தாண்டிப் போனோம். ஒரு சிங்களப் பெண், "ஹெமின் ஆச்சி, ஹெமின்" என்றாள். மெதுவாகவாம்! மெதுவாகப் போனால் பஸ்ஸை யார் பிடிப்பது?

செல்லாயி நாற்பது அடித்தாள். நான் முப்பத்தொன்பதில் கயிற்றை விட்டேன்.

"அண்ணி, ஒன்னு கொறையுது. அடிங்க."

"கொறையல. அவ்வளவுதான்." அங்கேயே சொல்லிவிட்டேன், பின்னால் வரிசை நிற்க நிற்க.

"இத்தன வருசமா? எங்கிட்டயா?"

இறங்குகிற வழியெல்லாம் நாலு படி முன்னாலேயே போனாள். வெற்றிலையை நீட்டினேன், வாங்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

தூறல். முழங்காலில் லேசாக வலி, தைலம் போட்டதும் போய்விட்டது. பக்கத்துக் காம்பராதான் செல்லாயி வீடு. கதவைச் சாத்தியே வைத்திருக்கிறாள். ரேடியோ மட்டும் அலறுகிறது. கால் வலி பெரிதில்லை, மனசுதான் வலிக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

கோயில். பொன்னாடையை விரித்துக்கொண்டு கமிட்டித் தலைவர் வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"ஒன்னுதானேம்மா. யாரு கணக்குப் பாக்கப் போறாங்க?"

"நான் பாக்குறேனே. செல்லாயிக்குப் போத்துங்க. எனக்கு அடுத்த ஞாயிறு. அதுக்குள்ள ஏறிட்டு வந்துடுறேன்."

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "கெழவிக்குக் கொழுப்பப் பாரு" என்று யாரோ. ஆமாம், இருக்கிறது. அதற்கு ஏற்ற காலும் இருக்கிறது.

சாயந்திரம் செல்லாயி வாசலில். உள்ளே வரவில்லை.

"தனியாவா போவீங்க?"

"ஆமா."

"போயி, பாதியில உக்காந்துட்டு, ஏறிட்டேன்னு வந்து சொல்லுவீங்க. நானும் வர்றேன், சாட்சிக்கு."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவளும் அடக்கிக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஐந்து நாளில் ரெண்டாவது தடவை. இந்தத் தோட்டத்தில் வயசுப் பிள்ளைகள் யாராவது ஏறட்டும் பார்ப்போம். காற்று, ஆனால் மழை இல்லை. நூல் இழுத்துவிடுகிற இடத்தில் நிற்கவே இல்லை. பன்னிரண்டு பத்துக்கு உச்சி, போன தடவையை விட இருபது நிமிஷம் முந்தி.

நாற்பது அடித்தேன். ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணி அடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எழுத வெட்கமில்லை. இந்த நாற்பதும் முழுக்க என் காலால் ஏறியது.

திரும்பிப் பார்த்தால் செல்லாயி கயிற்றைப் பிடித்திருக்கிறாள். அடிக்கிறாள், அடிக்கிறாள், நிறுத்தவே இல்லை. நாற்பத்தொன்று!

"ஒனக்கு எதுக்குடி?"

"ஏன், என்னையத் தூக்கிக்கிட்டா வந்தாங்க? ஏறுனேன்ல!"

சாட்சிக்கு வந்தவள் ஒன்று முன்னால் போய்விட்டாள். சீசன் முடிய இன்னும் ரெண்டு மாதம் கிடக்கிறது. அடுத்த செவ்வாய் அவளுக்குப் பல் டொக்டர். அன்றைக்குத்தான் நான் மட்டும் மலைக்குப் போக வேண்டும். அவளிடம் மூச்சு விடக் கூடாது.