பாடு நாளுக்காக ஒரு வரி

ஆரம்பாக்கம்,
12-3-1978

அன்புள்ள செண்பகத்துக்கு,

உன் அப்பாவிடம் கல்லூரிப் பதிவாளராக இருந்த லோகநாதன் எழுதுவது. நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும், உங்களோடு இருக்கும் உன் அப்பா, நம் ஐயாவும் சுகமாக இருக்க வேண்டும்.

நம் கல்லூரியில் ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. பி.காம். கடைசி வருடம் படிக்கும் குப்புராஜைப் பரீட்சை எழுதக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். வருகை நாள் குறைகிறதாம். அவன் ஊர் சுற்றப் போகவில்லை. பழவேற்காட்டு ஏரியில் தன் வீட்டுக்கு மீன்பிடிக்கும் முறை வரும் பாடு நாளில் வலை இறக்கப் போனான். பாடு நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது உன் அப்பா முதல்வராக இருந்தபோது வைத்த விதி. அப்படி ஒரு விதியே கிடையாது என்கிறார் புது முதல்வர்.

அந்த விதி வந்த காலத்தில் நீ சிறுமி. என் மேசையிலிருந்த ரப்பர் முத்திரையை எடுத்து முழங்கை வரை குத்திக்கொண்டு திரிவாய். கல்லூரி அப்போது கவரைப்பேட்டையில் மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையில் நடந்தது. மழை பெய்தால் தவிட்டு வாசனை கிளம்பும். பையன்கள் தும்மத் தொடங்கினால் வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டு நிற்பார். பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் நூலகம் போதாது என்றார்கள். உன் அப்பா வீட்டிலிருந்த புத்தகங்களை எல்லாம் மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினார். அதில் உன் படக்கதைப் புத்தகமும் போயிற்று. நீ வண்டியின் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடி வந்தாய். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தானாகப் படித்து மெட்ரிக் தேறிய என்னைப் பதிவாளராக உட்கார வைத்ததும் அவர்தான். பட்டம் இல்லாதவனா என்று நிர்வாகக் குழுவில் கேட்டார்கள். வேலை தெரிந்தவன் என்று பதில் சொன்னார்.

கல்லூரி தொடங்கிய இரண்டாம் வருடம் ஏரிக்கரையிலிருந்து மணவாளன் என்று ஒரு பையன் வந்து சேர்ந்தான். அடிக்கடி வராமல் நின்றான். நீக்கிவிடலாம் என்று ஆசிரியர்கள் சொன்னபோது, போய்ப் பார்த்துவிட்டு நீக்குவோம் என்று உன் அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். படகில் ஏறியதும் அவன் அண்ணன் துளசிராமன் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சாரே, எங்களுக்குள்ள சீட்டுப் போட்டு, இன்ன நாளு இந்த எடத்துல இவன் வலைன்னு பிரிச்சிக்கினு இருக்கோம். அதான் பாடு. அன்னிக்கு ஊட்லேர்ந்து ஆள் வரலன்னா அந்த முறை பூட்ச்சு. மறுக்கா வர்ற வரைக்கும் அடுத்தவன் வலையப் பாத்துக்கினு குந்தினு இருக்கணும். உங்க பொஸ்தகத்த அடுப்புல வெச்சா சோறு வேகுமா?" என்றான்.

உன் அப்பா குனிந்து தண்ணீரைப் பார்த்தபோது மூக்குக் கண்ணாடி ஏரியில் விழுந்துவிட்டது. துளசிராமன் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் காலால் துழாவி அதை எடுத்தான். "இன்னா சாரே, மீனுக்கும் பரீச்சை வெச்சிருக்கியா? கண்ணாடிய அதுக்குப் போட்டு உட்டியே!" என்றான். எல்லோரையும்விட உன் அப்பாதான் அதிகம் சிரித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னார். பாடு நாளை வேலை நாளிலிருந்து கழித்துவிடுங்கள், ஆனால் எழுதி வைக்காதீர்கள். எழுதினால் பல்கலைக்கழகத்துக்குப் போகும், போனால் கேள்வி வரும், கேள்வி வந்தால் நின்றுபோகும் என்றார். நான் எழுதவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை அவர் வாய்வார்த்தையே விதி. அவருக்குப் பிறகும் நான் இருந்தவரை அது நடந்தது. எழுதாதது தப்பு என்று இன்று சொல்கிறார்கள். தப்பே இல்லை. எழுதியிருந்தால் மணவாளன் அந்த வருடமே போயிருப்பான். இன்று அவன் பொன்னேரிப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார்.

குப்புராஜ் அந்தத் துளசிராமனின் ஒரே மகன். போன ஐப்பசியில் துளசிராமனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பையன் போகாவிட்டால் அந்த வீட்டுப் பாடு போய்விடும். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக்காரர்கள், பட்டம் வாங்கிக்கொண்டு ஜூனில் வந்தால் ஸ்டோர்ஸில் எடுத்துக்கொள்கிறோம் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த பரீட்சைவரை அந்த வேலை காத்திருக்காது.

நான் கல்லூரிக்குப் போனேன். நான் வேலைக்கு எடுத்த பியூன் அப்பாவு என்னை வெளியிலேயே நிறுத்தினான். "குந்துங்க சாரு, உள்ள மீட்டிங்கு" என்றான். பாதி திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். புது முதல்வர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிய பிறகு கூப்பிட்டார். மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்னால் போதாது, பழைய முதல்வர் தம் கைப்பட ஒரு வரி எழுதித் தரட்டும், இந்த மாதக் கடைசிக்குள் வந்தால் ஹால் டிக்கெட் தருகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்தால் உன் கடிதம் கிடந்தது. ஐயாவுக்கு ஞாபகம் போய்விட்டது, காலையில் உன்னையே "யாரம்மா நீ" என்று கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். நான் அதை நம்பவில்லை. ஆயிரம் பையன்களின் பெயரை முகத்தைப் பார்த்துச் சொன்ன மனிதர் அவர்.

குப்புராஜின் அம்மா கங்கம்மா நேற்று வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "இத்தினி வருசமா அவரு காயிதத்தையெல்லாம் நீதான எழுதுன? அவரு மாரியே கையெழுத்துப் போட உனக்குத் தெரியாதா சாரு? ஒரு வரிதான, எழுதிக் குடுத்துடேன்" என்றாள். தெரியும். மாட்டேன் என்றேன். "அப்ப எம்புள்ள ஏரியிலயே கெடக்கட்டும்னு சொல்லு" என்று எழுந்தாள். கொடுத்த மோரைத் தொடவில்லை. அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகையால் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

நீ, காலையில் ஐயா காப்பி குடித்ததும், கண்ணாடி ஏரியில் விழுந்த இடத்திலிருந்து இதை உரக்கப் படிக்க வேண்டும். சிரித்தால் நிறுத்தாதே, மேலே படி. சிரிக்காவிட்டால் மறுநாளும் படி. அவருக்கு நினைவு வந்த அன்றே மாப்பிள்ளை அந்த வரியைப் பதிவுத் தபாலில் சேர்க்க வேண்டும். குப்புராஜ் படிப்பை நிறுத்தக் கூடாது, அவனிடம் சொல்லிவிட்டேன். புது முதல்வர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். தபால் வரும் நேரத்துக்கு நான் தினமும் தபாலாபீசில் நிற்பேன்.

ஐயா எழுத வேண்டியது, பாடு நாள் கணக்கில் சேராது என்ற ஒரு வரி. நினைவோடு எழுத வேண்டும். கையைப் பிடித்து எழுத வைக்காதே. அப்படி வந்தால் நான் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கமாட்டேன்.

அந்த வரி வராமலே போனாலும், ஒரு காலையில் லோகநாதன் யார் என்று அவரைக் கேட்க வேண்டும். என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டியவள் நீதான் அம்மா.

இப்படிக்கு,
ஐயாவின் பதிவாளர்,
லோகநாதன்