நீங்கள் மாட்டிய கடைசி ஹோஸ்

என் அன்புள்ள ஸ்க்ரூடிரைவர்காரருக்கு,

இப்படிக் கூப்பிட்டால் முறைப்பீர்கள் என்று தெரியும். முறையுங்கள். ஆரணிக்கெல்லாம் நீங்கள் மெக்கானிக் தேவராஜ். எனக்கு எப்போதும் கையில் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் பார்க்கக் கிடைக்காத மனிதர். பின்னால் ஷெட்டில் நீங்கள் வண்டி பார்த்தீர்கள், முன்னால் கடையில் உட்கார்ந்து நான் ஸ்பேர் பார்ட்ஸும் டூல்ஸும் விற்றேன். நம் கல்யாண வாழ்க்கையில் பாதி, நடுவிலிருந்த அந்தக் கதவு வழியாகச் சண்டை போட்டே கழிந்தது. கதவு இப்போதும் திறந்துதான் இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து பதில் மட்டும் வருவதில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். கடை நடக்கிறது. ஷெட்டை யூசுப் பார்த்துக்கொள்கிறார்; உங்களிடம் வேலை பார்த்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் தொப்பை வைத்திருக்கிறார். நம் மகள் ஷீபா வேலூரிலிருந்து தினமும் போன் பண்ணி, சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். நீங்கள் இருந்தபோது நான் சாப்பிட்டேனா என்று ஒருத்தரும் கேட்டதில்லை, அது வேறு விஷயம்.

இந்தக் கடிதம் நம் வேனைப் பற்றியது.

நீங்கள் போனதிலிருந்து அது ஷெட்டின் மூலையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. போன வாரம் நானே உள்ளே ஏறி சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆனது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கீழே தண்ணீர் ஓடி வந்து என் செருப்பை நனைத்தது. ரேடியேட்டர் நடுவில் ஒழுகுகிறது. அதை இறக்கிப் பற்றவைக்க வேண்டும். இறக்க வேண்டும் என்றால் அடியிலிருக்கும் பெரிய ரப்பர் குழாயை, அந்த ஹோஸை, கழற்ற வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. அந்த மாடல் வண்டியைக் கம்பெனி நிறுத்தி எவ்வளவோ காலமாகிவிட்டது. இரண்டு இடத்தில் வளைந்து போகிற அந்த ஹோஸ் இப்போது எங்கேயும் இல்லை. நானே ஸ்பேர் விற்கிறவள், வேலூர், சென்னை என்று தெரிந்த எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். நேர் ஹோஸை வாங்கி வளைத்துப் போட்டால் நடுவில் மடங்கி, தண்ணீர் போகாமல் இன்ஜின் வெந்துவிடும். இருக்கிற ஹோஸ் கிழிந்தால் வேன் அவ்வளவுதான்.

ஷீபா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "மா, அது ஓடப் போறதில்ல. சனிக்கிழமை போளூர்ல இருந்து பழைய இரும்பு எடுக்கிறவரு வராரு, குடுத்துடுங்க. நீங்க அதப் பாத்து பாத்து அழுதுகினு இருக்கிறதுக்கு எதுக்கு அது?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அதனால் ஒப்புக்கொண்டேன். ஹோஸ் முழுசாகக் கழன்றால் வேன் நம்மிடம் இருக்கும். கிழிந்தால் சனிக்கிழமை போளூருக்குப் போகும். அன்றைக்கு வியாழக்கிழமை.

யூசுப் குனிந்து பார்த்துவிட்டு உடனே எழுந்தார். "இன்னாக்கா இது, ஒட்டிகினு கீது. பேஜாரு புடிச்ச வேல. பிளேடு போட்டு கீறினா ஜல்தியா வந்துடும்."

"கீறினா வேன் போய்டும் யூசுப்."

"அப்ப அந்தப் பெரிய ஸ்க்ரூடிரைவர குடுங்க. அண்ணன் அதாலதான் நெம்புவாரு."

பார்த்தீர்களா? நீங்கள் போயும் உங்கள் ஸ்க்ரூடிரைவர் என்னை விடவில்லை. உடனே எனக்கு அந்தப் புளியமரம் ஞாபகம் வந்துவிட்டது. கலசப்பாக்கத்தில் என் அக்கா பேரனின் ஞானஸ்நானத்துக்குப் போய்த் திரும்பிய நாள். முந்தின வாரம்தான் மேல் ஹோஸை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கழற்றி மறுபடி மாட்டியிருந்தீர்கள். அதன் கூர் உள்பக்க ரப்பரில் கீறிய இடம் வழியில் வெடித்துவிட்டது. ஆவி கிளம்பி முன்கண்ணாடியே தெரியவில்லை. நான் பட்டுச் சேலையோடு புளியமரத்தடியில் உட்கார்ந்து வாய் ஓயாமல் திட்டினேன். நீங்கள் பழைய ட்யூபைக் கிழித்து ஹோஸில் சுற்றிக் கட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "எஸ்தரு, நீ திட்டிகினே வா. அந்தக் காத்துக்கே இன்ஜின் ஆறிடும்."

சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு. ஞானஸ்நான வீட்டில் கட்டிக்கொடுத்த வடையை அங்கேயே உட்கார்ந்து இரண்டு பேரும் தின்றோம். அந்த வடையின் ருசி பிறகு எந்த வடையிலும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் ஹோஸ் கழற்றுவதற்கென்றே கொக்கி, பிளையர் என்று டூல்ஸ் வாங்கி வைக்க ஆரம்பித்தேன். டூல் விற்க வருகிறவர்கள் பளபளவென்று எதையாவது நீட்டுவார்கள். நான் அதன் முனையை என் பட்டு முந்தானையில் வைத்து மெல்ல இழுத்துப் பார்ப்பேன். ஒரு இழை பிடித்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பட்டைப் பிடிக்கிற முனை ரப்பரையும் கீறும், அவ்வளவுதான் என் கணக்கு. இதைப் பார்த்து நீங்கள் எத்தனை கேலி செய்திருக்கிறீர்கள்! "டூல் வாங்குறியா, சேல வாங்குறியா?" என்று வந்தவர் எதிரிலேயே கேட்பீர்கள். ஆனால் என் முந்தானை தேறவைத்த கொக்கி ஒன்றுகூட இதுவரை ஒரு ஹோஸைக் கெடுத்ததில்லை. உங்களுக்கும் அது தெரியும். முதுகு சொறிய அந்தக் கொக்கியைத்தானே எடுத்துப் போவீர்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்க்ரூடிரைவரை யூசுப்புக்குக் கொடுக்கவில்லை. கடையிலிருந்து நானே ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனேன்.

ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளிப்புக்கு, வாயில் பள்ளம் வெட்டிய பிளையர். சாதாரண பிளையரில் அந்த ஸ்பிரிங் கிளிப்பின் இரண்டு காதும் வழுக்கிக்கொண்டு ஓடும். இது காதைப் பிடித்தால் விடாது. கிளிப்பைப் பின்னுக்குத் தள்ளியாயிற்று. ஹோஸைத் திருக, பல் இல்லாத, உருண்ட வாயுள்ள பிளையர். அதற்கும் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டேன். இழுக்கவே கூடாது, முதலில் திருக வேண்டும். திருகி ஒட்டு விட்டால் தானாக வரும். இன்ஜின் பக்கம் அப்படியே வந்துவிட்டது. யூசுப் கைதட்டினார்.

ரேடியேட்டர் பக்கம் அசையவே இல்லை. ஹோஸ் மாட்டுகிற பித்தளைக் கழுத்து மெலிந்து கிடக்கிறது, ரொம்பத் திருகினால் அதுவே கையோடு வந்துவிடும். முனை மழுங்கிய நீளக் கொக்கியை எடுத்து ரப்பருக்கும் பித்தளைக்கும் நடுவில் மெல்ல நுழைத்தேன். வழக்கமாக அது வெண்ணெயில் போவதுபோல ஒரு சுற்றுச் சுற்றி வரும். இதில் கொஞ்சம் போய் நின்றுவிட்டது. உள்ளே என்னவோ மெத்தென்று தடுத்தது.

"வுட்டுடுங்கக்கா. அண்ணன் கைப்பட போட்டது, அதான் வர மாட்டேங்குது" என்றார் யூசுப். ஆறுதலாகத்தான் சொன்னார்.

உண்மைதானே? நீங்கள் கடைசியாகச் செய்த வேலை அது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரமே ஷெட்டுக்குள் போய்விட்டீர்கள். நான் கதவு வழியாகக் கத்தினேன்: "என்னாங்க, டாக்டர் இன்னா சொன்னாரு, நீங்க இன்னா பண்ணிகினு கீறீங்க?"

"ரேடியேட்டர் கழுத்து அரிச்சிப் போய் ஒழுகுது. இது ஒண்ண முட்சிட்டு வந்துடறேன்."

மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்தீர்கள். கையைத் துடைத்தபடி, உங்கள் பழைய திமிரோடு சொன்னீர்கள்: "அந்த ஹோஸ நீ கழட்டுனா, உன் கடையில கீற ஒரு டூலும் தேவைப்படாது. பாத்துக்கோ."

வழக்கமான சீண்டல் என்று நினைத்தேன். "சரிதான், போய்ப் படுங்க" என்றேன். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் போய்விட்டீர்கள். அந்தப் பேச்சை மறந்தே போனேன்.

இப்போது கொக்கியை வெளியே எடுத்தபோது அதன் முனையில் மஞ்சளாகப் பிசின் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. இரண்டு விரலில் வைத்துத் தேய்த்தேன். முகர்ந்தேன். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு அந்த வாசனையை யார் சொல்லித்தர வேண்டும்? பச்சைப் பட்டு! சாயம் போடுவதற்கு முன்னால், பசை எடுக்காத பட்டு நூல்.

எல்லாம் விளங்கிவிட்டது. நூல் முறுக்குகிற என் தம்பி வீட்டிலிருந்து மிஞ்சிய சிக்கு நூலைப் பை பையாக வாங்கி வருவீர்களே. வீட்டுக் குழாய் ஒழுகினாலும் அதைத்தான் மரையில் சுற்றுவீர்கள். அரித்துப்போன ரேடியேட்டர் கழுத்திலும் அதையே சுற்றி, அதற்கு மேல் ஹோஸை மாட்டியிருக்கிறீர்கள். ஊர் உலகத்தில் எந்த மெக்கானிக்காவது ரேடியேட்டருக்குப் பட்டு கட்டுவானா? பட்டு நெய்கிற ஆரணியில் பெண் எடுத்தவருக்குத்தான் அது தோன்றும். அந்த இடத்தில் ஒழுகலும் நின்றிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பச்சைப் பட்டு சுடுதண்ணீரில் பசை கக்கி ரப்பரோடு ஒட்டிக்கொள்ளும் என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கதவுக்கு இந்தப் பக்கம்தானே உட்கார்ந்திருந்தேன்?

டூல்ஸை எல்லாம் ஓரமாக வைத்தேன். "யூசுப், டீ போடுற கெட்டிலக் கொண்டாங்க" என்றேன்.

"இப்ப டீயா?"

"கேள்வி கேக்காதீங்க."

சாயம் போடுகிறவர்கள் பட்டிலிருந்து பசையை எப்படி எடுக்கிறார்கள்? சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்துத்தான். நானும் சோப்பைச் சீவிப் போட்டுக் கொதிக்க வைத்தேன். ஹோஸின் வாயைச் சுற்றித் துணி கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஆற ஆற மறுபடி ஊற்றினேன். ஷெட் முழுக்கச் சாயப்பட்டறை வாசனை. யூசுப் ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

துணியை அவிழ்த்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. கிளிப் மூடியிருந்த இடத்தில் அழுக்கு கரைந்து, ஹோஸின் விளிம்பை ஒட்டி மடித்து வைத்த நூல் முனை. தற்செயலாக வெளியே வந்ததல்ல. எங்கள் வீட்டில் இழைக்குப் போடுகிற சுருக்கு முடிச்சு அதில் இருந்தது. கல்யாணமான புதிதில் நான் உங்களுக்குப் போட்டுக் காட்டிய முடிச்சு. ஒற்றை இழுப்பில் அவிழ்வது.

இழுத்தேன்.

வந்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று ஹோஸுக்கு அடியிலிருந்து ஈரமாக, வழவழவென்று வந்துகொண்டே இருந்தது. கடைசிச் சுற்று வந்ததும் ஹோஸைச் சும்மா கையால் பிடித்துத் திருப்பினேன். கழன்று என் மடியில் விழுந்தது. உள்ளே ஒரு கீறல் இல்லை.

"ஒரு டூலும் தேவைப்படாது" என்றீர்களே. எனக்கென்று முனையை விட்டுவிட்டுத்தான் அதைச் சொல்லியிருக்கிறீர்கள். அடுத்து அதைக் கழற்றும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று தெரிந்தா மடித்து வைத்தீர்கள்? என்னிடம் சொல்ல முடியாததைத்தான் முடிச்சில் போட்டீர்களா? கேட்டால் என்ன சொல்வீர்கள்? "வேல பாக்க வுடு எஸ்தரு" என்பீர்கள். நான் ஷெட் தரையில் உட்கார்ந்து, ஈர நூலைக் கையில் சுற்றிக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். யூசுப் வெளியே போய் நின்றுகொண்டார். நல்ல மனிதர்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் முழுசாக ஜெயித்ததாக நினைக்க வேண்டாம். உங்கள் முடிச்சு மட்டும் போதாது. என் சோப்புத் தண்ணீர் இல்லாவிட்டால் நூல் இம்மியும் நகர்ந்திருக்காது. ஆனால் நம் கடையில் கெட்டில் விற்பதில்லை; கிளிப்புக்கு எடுத்த பிளையரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் உங்கள் வாக்கு பலித்ததாகவே வைத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை போளூர்க்காரர் வந்தபோது ரேடியேட்டரைப் பற்றவைத்து மாட்டியாகிவிட்டது, வேன் உறுமிக்கொண்டு நின்றது. "ஓடுற வண்டிய காட்டவா வரச் சொன்னீங்க?" என்று கோபித்துக்கொண்டார். டீ கொடுத்து அனுப்பினேன். ஷீபாவுக்குப் போன் பண்ணி, நூல் வந்த கதையைச் சொன்னேன். முடிச்சைப் பற்றி இரண்டு தரம் கேட்டாள். பிறகு, "அடுத்த வாரம் வரேன்மா, என்னையும் அதுல கூட்டிகினு போங்க" என்றாள்.

கூட்டிக்கொண்டு போகிறேன். கலசப்பாக்கம் வரைக்கும் நானே ஓட்டுவேன், அந்தப் புளியமரத்தடியில் நிறுத்தி வடை தின்போம். உங்கள் ஸ்க்ரூடிரைவரை யாருக்கும் விற்க மாட்டேன். ஆனால் ஹோஸ் பக்கம் அது வராது, அதுவும் நிச்சயம்.

கழுத்து அரித்தது அரித்ததுதான், அதனால் ஹோஸை மாட்டும்போது நானும் பட்டுதான் சுற்றினேன். இந்த முறை பசை எடுத்த நூல். கடைசியில் அதே முடிச்சைப் போட்டு, முனையை வெளியே மடித்து வைத்திருக்கிறேன். அது எங்கே இருக்கிறதென்று ஷீபாவுக்குக் காட்டிவிடுவேன், இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. அடுத்து அதைக் கழற்றப் போகிறவள் அவளாக இருக்கலாம்.

என்றும் கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி,
எஸ்தர்